பிரீடரா, காப்பகமா, இனநாய் மீட்புக் குழுவா? நாயை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு முழுமையான வழிகாட்டி

நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். கைப்பேசியில் ஒரு குட்டியின் படம் வருகிறது. மனம் இளகி உடனே அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகுதான் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பதும், பகலில் யார் பார்த்துக்கொள்வது என்று யோசிப்பதும். ஆறு மாதம் கழித்து அதே நாய்க்கு வேறு வீடு தேடி விளம்பரம் போடுகிறார்கள்.

இந்தத் தவறைத் தவிர்க்க வேண்டியது ஒன்றுதான்: வரிசையை மாற்றுங்கள். முதலில் வீடு, அடுத்து நாயின் வயது, அதற்கடுத்து எங்கே எடுப்பது, எல்லாவற்றுக்கும் கடைசியாக எந்த நாய். கீழே சொல்பவை தமிழ்நாட்டு நிலவரத்தை, அதிலும் சென்னையை மனத்தில் வைத்து எழுதியவை.

1. யாரிடமும் பேசுவதற்கு முன் வீட்டில் முடிக்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். மனத்தில் நினைத்துக்கொண்டால் போதாது. எழுதும்போதுதான் ஓட்டைகள் கண்ணில் படும்.

பகலில் நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? இரண்டு மாதக் குட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கும். நாளைக்கு நான்கு வேளை சாப்பிடும். காலை எட்டரைக்குப் பூட்டி மாலை ஏழுக்குத் திறக்கும் வீட்டில் அதை வளர்க்க முடியாது. நான்கைந்து வயது நாயால் அந்த வீட்டில் இருக்க முடியும், நடுவில் ஒருவர் வந்து வெளியே அழைத்துப்போனால்.

காலை, மாலை நடை யார் பொறுப்பு? 'எல்லாரும் சேர்ந்து' என்று எழுதினால் யாரும் இல்லை என்று பொருள். ஒருவர் பெயரை எழுதுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள்; முப்பது கிலோ நாய் இழுத்தால் அந்தப் பிள்ளை தெருவில் விழும்.

வாடகை வீடா? அப்படியானால் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. அடுக்குமாடிச் சங்கங்கள் வளர்ப்பு நாயை மொத்தமாகத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரரிடம் அது உங்களைக் காப்பாற்றாது. நாய்கள் கைவிடப்படுவதற்கு வீடு மாறுவது ஒரு பெரிய காரணம்.

மாதச் செலவு எவ்வளவு தாங்கும்? 25 முதல் 30 கிலோ எடையுள்ள நாய் நாளைக்கு ஏறத்தாழ 300 முதல் 400 கிராம் உலர்தீவனம் தின்னும். மாதம் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோ. உண்ணி மருந்து, பூச்சி மருந்து, ஆண்டுத் தடுப்பூசி இவை தனி. நோய் வந்தால் ஒரே வாரத்தில் பெரிய தொகை போகும். ஒரு மாதச் சம்பளத்தில் பாதியையாவது அதற்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.

வீட்டில் ஒருவருக்கு விருப்பமில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். 'வந்தால் பிடித்துப்போகும்' என்று சொல்லிக் கொண்டுவந்த நாய் பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில் கட்டிக் கிடக்கும்.

2. குட்டியா, வளர்ந்த நாயா?

எங்கே எடுப்பது என்பதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும். மூன்று இடங்களிலும் கிடைக்கும் வயது வேறு. இனநாய்களை வளர்த்துக் குட்டிகளை விற்கும் பிரீடரிடம் குட்டிகளே அதிகம். காப்பகத்தில் எல்லா வயதும் உண்டு. கைவிடப்பட்ட இனநாய்களுக்கு வீடு தேடும் மீட்புக் குழுக்களிடம் பெரும்பாலும் ஏழு மாதத்துக்கு மேற்பட்ட நாய்கள்தான்.

குட்டியாக எடுத்தால் நம் பழக்கத்துக்கு வளர்க்கலாம் என்பார்கள். பாதி உண்மை. மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரை குட்டி கண்டு பழகும் மனிதர், ஓசை, தரை, வாகனம் எல்லாம் பின்னாளில் அதன் குணத்தைத் தீர்மானிக்கும். அதில் பாதிக் காலம் குட்டி உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே போய்விடும். மீதிப் பாதியில் உங்களுக்கு நேரம் இல்லை என்றால் குட்டி எடுப்பதில் பயனில்லை.

முதல்முறை வளர்க்கிறவர்களுக்கும், வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்கும் இரண்டு வயது கடந்த நாயைத்தான் பரிந்துரைப்பேன். அதன் உயரம், எடை, குரைப்பு, குழந்தைகளிடம் நடக்கும் விதம் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஊகிக்க வேண்டியது குறைவு.

3. மூன்று வழிகளில் எதைத் தேர்வது

ஒவ்வொரு வழியிலும் சில விஷயங்கள் உங்களுக்குத் தெரியவரும், சில தெரியாமலே இருக்கும். எந்தத் தெரியாமையை உங்கள் வீடு தாங்கும் என்று பாருங்கள்.

நல்ல பிரீடரிடம் நாயின் கடந்த காலம் முழுவதும் தெரியும்: தாய், தந்தை, பிறந்த தேதி, என்ன சாப்பிட்டது, யார் தூக்கினார்கள் என்பது வரை. தெரியாதது அதன் எதிர்காலம். காப்பகத்தில் இது தலைகீழ். அங்கே நாயின் நிகழ்காலம் கண்ணெதிரே இருக்கும், முன்கதை பெரும்பாலும் தெரியாது. இனநாய் மீட்பில் இரண்டும் பாதிப் பாதி: இனத்தின் இயல்பு தெரியும், பழைய வீட்டில் என்ன நடந்தது என்பதில் சொன்னதும் இருக்கும், மறைத்ததும் இருக்கும்.

குறிப்பிட்ட வேலைக்கோ குணத்துக்கோ குட்டியிலிருந்தே வளர்க்க வேண்டும், காத்திருக்கவும் முடியும் என்றால் பிரீடர். இனம் முக்கியமில்லை, அமைதியான துணை வேண்டும் என்றால் காப்பகம். லேப்ரடார் மாதிரி ஒன்றுதான் பிடிக்கும், ஆனால் குட்டிப் பருவத்தைச் சமாளிக்க நேரமில்லை என்றால் இனநாய் மீட்பு.

இதில் யாரும் கணக்கில் சேர்க்காத நான்காவது வழி ஒன்று உண்டு: உங்கள் தெருவிலேயே பிறந்த குட்டி. அதன் தாயை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அந்தத் தாய் ஆட்களிடம் எப்படிப் பழகுகிறது, என்ன நோய் வந்தது என்பதெல்லாம் தெரியும். பல பிரீடர்கள் காட்டத் தயங்கும் தகவல் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

4. பிரீடரிடம் போவதானால்

முதலில் சட்டம். 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாய் 18 மாதம் ஆவதற்கு முன் இனச்சேர்க்கை கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. தொலைபேசியிலேயே பதிவு எண்ணைக் கேளுங்கள். 'அதெல்லாம் யார் சார் கேக்குறாங்க' என்று பதில் வந்தால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை வரிசையாக: குட்டிகள் பிறந்த தேதி என்ன? தாய் உங்கள் வீட்டிலேயே இருக்கிறதா, பார்க்கலாமா? தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈத்து? என்னால் வைத்துக்கொள்ள முடியாமல் போனால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் அவரும் விலையை மட்டுமே பேசுவார். நல்ல பிரீடர் உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்பார்: வீடு எப்படி, யார் இருப்பார்கள், முன்பு வளர்த்த நாய் என்ன ஆனது என்று. ஒன்றும் கேட்காமல் 'எப்போ வர்றீங்க' என்பவரிடம் போக வேண்டாம்.

நேரில் போகும்போது குட்டி பிறந்து வளர்ந்த இடத்துக்கே போங்கள். பாதி வழியில் பேருந்து நிலையத்தில் தருகிறேன் என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தாயைப் பார்ப்பதுதான் அந்தப் பயணத்தின் நோக்கம். பால் கொடுத்த தாயின் மடி தொங்கி, காம்புகள் பெரிதாக இருக்கும். வயிறு ஒட்டி, காம்பு சிறுத்த நாயைக் காட்டித் தாய் என்றால் அது தாயில்லை. தாய் பயந்து மூலையில் ஒடுங்கினாலோ, உரிமையாளர் அருகில் இருந்தும் விடாமல் சீறினாலோ குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்தப் பயம் பாதி ரத்தத்தில் வரும், பாதி தாயைப் பார்த்தே கற்றது. தந்தை அங்கே இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டாம். வெளியிலிருந்து ஆண் நாய் கொண்டுவருவது வழக்கம்தான். அதன் பெயர், காகிதம், படம் கேளுங்கள். தாயும் தந்தையும் ஒரே ஈத்தில் பிறந்தவையா என்றும் கேட்டுவிடுங்கள்.

வயதில்தான் ஏமாற்று அதிகம். 45 நாள் ஆனால் குட்டியைப் பிரிக்கலாம் என்பது நம் ஊரில் ஊறிய வழக்கம். சட்டம் சொல்வது 56 நாள். அந்தப் பதினொரு நாள் சின்ன விஷயமாகத் தோன்றும். உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்வது அந்த நாட்களில்தான். முன்கூட்டியே பிரித்த குட்டி பிள்ளைகளின் கையைக் கடித்துப் புண்ணாக்கும் என்று பல வீடுகளில் புகார் வருவதற்கு இது ஒரு காரணம். வாயைத் திறந்து பாருங்கள்: எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் முழுதாக இருக்கும். முன்பற்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தால் அது ஆறு வாரத்துக்கும் குறைவு.

குட்டியின் உடலைப் பார்க்கும் முறை: ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் ரத்தசோகை, பெரும்பாலும் பூச்சியாலோ உண்ணியாலோ. உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் பூச்சி. தொப்புளில் மெத்தென்ற புடைப்பு இருந்தால் குடலிறக்கம். சிறிதென்றால் பெரிய குறையில்லை, மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆண் குட்டிக்கு விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண், மூக்கில் சீழ் இருந்தாலோ, ஒரு குட்டிக்குக் கழிச்சல் இருந்தாலோ அந்த ஈத்தில் எதையும் எடுக்காதீர்கள். பார்வோ எனும் வைரஸ் கழிச்சல் நோய் தொற்றினால் அறிகுறி தெரியவே சில நாள் ஆகும். இன்று துள்ளும் குட்டி சில நாளில் படுத்துவிடலாம்.

தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்க வேண்டும். தேதி மட்டும் பேனாவில் எழுதியிருந்தால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

இனி காகிதம். கே.சி.ஐ எனப்படும் இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. நாயின் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பின் எண் அதில் இருக்கும்; ஸ்கேனரில் படித்து ஒப்பிடுங்கள். 'பேப்பர் அடுத்த மாசம் வரும்' என்றால் ஈத்துப் பதிவுக்கு விண்ணப்பித்த ஆதாரத்தைக் கேளுங்கள். பேப்பர் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பதில் ஒரு பொறி இருக்கிறது: பிரீடரிடம் போவதன் ஒரே பயன் பெற்றோரைப் பற்றிய உறுதியான தகவல், அதை விட்டுவிட்டு மீதிக்குப் பணம் கொடுக்கிறீர்கள். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் என்றால் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே கேளுங்கள். தராதவர் அதிகம், ஆனால் வைத்திருப்பவர் யார் என்பது அந்தக் கேள்வியில் தெரிந்துவிடும்.

ராஜபாளையம் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு கொண்ட இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் விடுங்கள். கூட இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பும். பிறகு அதன் பின்னாலிருந்து, காற்று படாத தூரத்தில் சாவிக்கொத்தை ஆட்டுங்கள். இரு காதும் கேட்காத குட்டி இதில் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பேயர் எனும் செவிநரம்புச் சோதனைதான் வழி.

சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு இனங்கள் இரண்டும் முயல் துரத்தப் பிறந்தவை. ஆடு, கோழி, பூனை ஓடினால் பின்னால் ஓடும். உயரமான மதிலும் ஓட இடமும் இல்லாத வீட்டில் அவற்றை அடைக்காதீர்கள். கோம்பை காவல் நாய், விருந்தினர் ஓயாமல் வந்துபோகும் வீட்டுக்குப் பொருந்தாது. வெளிநாட்டு இனங்களில் பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவை நம் வெயிலில் படும் பாட்டைப் பார்க்க முடியாது. 2024-ல் வெளியான தமிழக அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கையும் இவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாதவை என்றே பட்டியலிட்டது. ராட்வைலர், பிட்புல் எண்ணம் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் மாநகராட்சியில் உரிமம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

சந்தையிலும் கடைக் கூண்டிலும் இருக்கும் குட்டியைப் பரிதாபப்பட்டு வாங்குவது பலர் செய்யும் பிழை. பல ஈத்துக் குட்டிகள் ஒரே கூண்டில் கலந்திருப்பதால் பார்வோவும் டிஸ்டெம்பர் எனும் இன்னொரு வைரஸ் நோயும் அங்கே எளிதில் பரவும். நீங்கள் வாங்கியதால் ஒரு குட்டி தப்பிவிடும். காலியான இடத்துக்கு மறுநாள் இன்னொரு குட்டி வரும், அதைப் பெற்ற தாய் மீண்டும் சினையாகும்.

5. காப்பகத்துக்குப் போவதானால்

சென்னையில் புளூ கிராஸ், பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் போன்றவை நாய்களைத் தத்துக் கொடுக்கின்றன. மற்ற ஊர்களிலும் சிறு காப்பகங்கள் உண்டு. அடையாள அட்டை, முகவரிச் சான்று, விண்ணப்பம் கேட்பார்கள்; வீட்டைப் பார்க்க வருவதும் உண்டு. கருத்தடை செய்வேன் என்று எழுதித்தர வேண்டியிருக்கும். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. அந்த நாய் ஏற்கெனவே ஒருமுறை தெருவுக்கு வந்தது.

ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். குறைந்தது இரண்டு முறை, வெவ்வேறு நேரத்தில் போங்கள். கூண்டுக்குள் நாய் நடந்துகொள்வது அதன் உண்மையான குணமில்லை. ஓயாமல் குரைப்பது வெளியே வந்ததும் காலடியில் படுத்துக்கொள்ளும். மூலையில் சுருண்டு கிடப்பதை 'அமைதியான நாய்' என்று எடுத்துப்போனால், மூன்று வாரம் கழித்துப் பயம் தெளிந்ததும் வேறு நாயாக இருக்கும். அதனால் கூண்டுக்கு வெளியே கூட்டிவரச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் முதல் பத்து நிமிடம் அதைக் கூப்பிடாமல், கண்ணுக்குக் கண் பார்க்காமல் உட்கார்ந்திருங்கள். தானாக வந்து முகர்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒரு தட்டைக் கீழே போட்டு ஓசை எழுப்புங்கள். திடுக்கிடுவது இயல்பு. அரை நிமிடத்தில் மீண்டு வந்து தட்டை முகர்ந்தால் நல்ல நாய். பத்து நிமிடமாகியும் ஒளிந்தே இருந்தால் போக்குவரத்து இரையும் தெருவில் அது துன்பப்படும். தோள், முதுகு, காது, கால் என்ற வரிசையில் தொடுங்கள். உடல் விறைத்துப்போனால் கையை எடுத்துவிடுங்கள். அது எச்சரிக்கை, உறுமலுக்கு முந்தைய படி. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இரண்டாம் முறை அவர்களையும் அழைத்துப் போங்கள். பிள்ளையைப் பொறுத்துக்கொள்கிற நாய் போதாது, தேடி வருகிற நாய் வேண்டும்.

தகவலை அலுவலக மேசையில் கேட்டபின், தினமும் சாப்பாடு வைத்துக் கூண்டு கழுவுகிறவரிடமும் கேளுங்கள். எது தட்டைத் தொட்டால் கடிக்கும், எது மற்ற நாயோடு சண்டை போடும் என்பது அவருக்குத்தான் தெரியும். நாய் எப்படி வந்தது, எத்தனை மாதமாக இருக்கிறது, யாரையாவது கடித்திருக்கிறதா, டிஸ்டெம்பர் வந்து மீண்டதா என்று கேளுங்கள். டிஸ்டெம்பரில் பிழைத்த நாய்க்கு வலிப்போ தசைத் துடிப்போ பின்னால் வரலாம். தெரிந்தே எடுத்தால் சமாளிக்கலாம். காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய் என்று பொருள். அது குறையோ காயமோ இல்லை.

காப்பகத்திலிருந்து மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியை எடுப்பதில்தான் ஆபத்து அதிகம். தடுப்பூசி முடியாத குட்டிகள் நோயாளி நாய்கள் வந்துபோகும் வளாகத்தில் இருக்கின்றன. தன்னார்வலர் வீட்டில் தற்காலிகமாக வளரும் குட்டி கிடைக்குமா என்று கேளுங்கள். பல காப்பகங்களுக்கு அப்படி ஆட்கள் உண்டு. இல்லையென்றால் ஊசிகள் முடிந்த நாலு, ஐந்து மாதக் குட்டியை எடுங்கள்.

உங்கள் வீட்டில் கடந்த ஓராண்டுக்குள் பார்வோவில் ஒரு நாய் இறந்திருந்தால், ஊசி முடியாத குட்டி எந்த இடத்திலிருந்தும் வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். சிமென்ட், டைல்ஸ் தரையை முதலில் சோப்பால் கழுவி, 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். தோட்டத்து மண்ணுக்கு அந்த வழி இல்லை.

6. இனநாய் மீட்புக் குழுவிடம் போவதானால்

இங்கே ஒரே இனத்துக்கென்று இயங்கும் அமைப்புகள் குறைவு. இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் இயங்கும் தன்னார்வலர்களே கைவிடப்பட்ட லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஷிட்சூ, ராட்வைலர் போன்றவற்றுக்கு வீடு தேடுகிறார்கள். பெரும்பாலோர் தங்கள் கைக்காசைப் போட்டுச் செய்பவர்கள்.

முதல் கேள்வி: ஏன் கைவிட்டார்கள்? 'வெளிநாடு போகிறார்கள்', 'குழந்தை பிறந்துவிட்டது' என்பவை உண்மையாகவும் இருக்கலாம், கடித்ததை மறைப்பதாகவும் இருக்கலாம். அதையே வேறு விதமாகவும் கேளுங்கள்: பழைய வீட்டில் எங்கே தூங்கும்? யார் சாப்பாடு வைத்தார்கள்? விருந்தினர் வந்தால் கட்டி வைப்பார்களா? பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் நம்பலாம். ஏழெட்டு மாத லேப்ரடாரை 'அடங்காது' என்று விட்டிருந்தால் அதில் பெரும்பாலும் நாயின் குறை இல்லை. அந்த வயது லேப்ரடார் அப்படித்தான் இருக்கும், ஓட இடம் கொடுத்தால் போதும்.

பழைய மருத்துவக் கோப்பைக் கேளுங்கள். அதில் இனத்துக்கு ஏற்பக் கவனிக்க வேண்டியவை: லேப்ரடாருக்கு இடுப்பு, காதுச் சீழ், தோல், எடை. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பும் வயிறும். ஷிட்சூவுக்குக் கண். பிரீடர் ஒதுக்கித் தள்ளிய பெண் நாய் என்றால் மடியில் கட்டி இருக்கிறதா, கர்ப்பப்பையில் சீழ் இருக்கிறதா என்று பார்த்துக் கருத்தடை செய்தபின் எடுங்கள்.

நாய் யாருடையது என்பதும் முக்கியம். பழைய உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்படைப்புக் கடிதம் வேண்டும். தெருவில் கிடைத்தது என்றால் மைக்ரோசிப் ஸ்கேன் செய்தார்களா, தேடி விளம்பரம் போட்டார்களா என்று கேளுங்கள். யாரோ அழுதுகொண்டு தேடும் நாயாக அது இருக்கலாம். தத்துக் கொடுக்கும்போது கே.சி.ஐ காகிதம் தர மறுப்பது சரியான நடைமுறை. அதை வைத்து மறுபடி குட்டி போட வைப்பவர்கள் உண்டு.

முடிந்தால் ஒன்று அல்லது இரண்டு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கக் கேளுங்கள். நல்ல குழுக்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளும்.

இந்த வழியில் உள்ள மோசடி ஒரே மாதிரியானது: இரண்டு மாத கோல்டன் ரெட்ரீவர் குட்டி, இலவசத் தத்து, வண்டிக்கூலி மட்டும் அனுப்புங்கள். அனுப்பியதும் கூண்டுக்கு, பிறகு காப்பீட்டுக்கு என்று கேட்டுக்கொண்டே போவார்கள். மீட்புக் குழுவிடம் இனநாயின் சின்னக் குட்டி வருவதே அபூர்வம். நேரில் பார்க்காத நாய்க்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வீடியோ கால் செய்து, குட்டியின் அருகில் இன்றைய நாளிதழை வைத்துக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் தொடர்பைத் துண்டித்துவிடுவார்கள்.

7. எழுத்தில் வாங்க வேண்டியது

எந்த வழியானாலும் ஒரு பக்கத் தாள் போதும். நாயின் நிறம், பிறந்த தேதி அல்லது உத்தேச வயது, மைக்ரோசிப் எண், போட்ட ஊசிகள், கருத்தடை ஆனதா, தெரிந்த நோய், கொடுத்தவர் பெயர், தேதி, இரு கையெழுத்து. பிரீடர் என்றால் இரண்டு வரி கூடுதலாக: 14 நாளுக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் உறுதியானால் யார் செலவு என்பதும், எந்த வயதிலும் நாயைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்பதும். இந்த இரண்டாவது வரிக்குத் தயங்குகிறவரிடம் முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள்.

8. 48 மணி நேரத்துக்குள் மருத்துவர்

கொடுத்தவர் சொல்லும் மருத்துவரைத் தவிர்த்து வேறு ஒருவரிடம் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. காலை மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துப்போனால் பூச்சி வகை தெரியும். ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம், தட்டணு குறைவது அதன் முதல் தடயம். ஏழு மாதம் கடந்த நாய்க்கு இதயப்புழுச் சோதனையும் வேண்டும். தெருவிலிருந்து வந்த நாய்க்குப் பிறப்புறுப்பில் ரத்தக்கசிவோ பூக்கோசு போன்ற கட்டியோ இருந்தால் பயப்பட வேண்டாம். அது தொற்றும் கட்டி, ஊசி மருந்தில் பெரும்பாலும் குணமாகும்.

குட்டிக்குக் கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். நடுவில் ஒன்றை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை முறியடித்திருக்கக் கூடும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம்.

9. முதல் இரண்டு வாரம்

பழைய இடத்தில் தின்ற உணவையே ஐந்தாறு நாள் கொடுங்கள். பிறகு கால் பங்கு, அரைப் பங்கு என்று புதியதைக் கலந்து மாற்றுங்கள். முதல் நாளே பாலும் கோழியுமாகக் கொடுத்தால் வரும் கழிச்சலையும் பார்வோவையும் பிரித்தறிய முடியாமல் திண்டாடுவீர்கள்.

வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் தனி அறை, தனித் தட்டு. வளர்ந்த நாய்கள் தப்பி ஓடுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான், அதுவும் வாசல் கதவு திறக்கும் நொடியில். கழுத்துப்பட்டையோடு உடல்பட்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்டி நடத்துங்கள். பட்டையில் உங்கள் எண்ணை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நாயைக் கொண்டுவராதீர்கள். வீடு பழகாத நாய் வெடிச் சத்தத்தில் ஓடினால் திரும்பும் வழி அதற்குத் தெரியாது. சித்திரை, வைகாசியில் எடுப்பதானால் விடியற்காலையில் பயணம் வையுங்கள்.

உரிமத்தைத் தள்ளிப்போடாதீர்கள். சென்னை மாநகராட்சியில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெறிநோய் ஊசிச் சான்று, மைக்ரோசிப், முகவரிச் சான்று, நாயின் படம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், தவறினால் அபராதம் உண்டு. மைக்ரோசிப் பழைய உரிமையாளர் பெயரில் பதிவாகியிருந்தால், ஒப்படைப்புக் கடிதத்தைக் காட்டி அதே வாரத்தில் உங்கள் பெயருக்கும் எண்ணுக்கும் மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால், நாய் தொலைந்து யாராவது ஸ்கேன் செய்யும்போது அழைப்பு பழைய வீட்டுக்குத்தான் போகும்.